அப்துர் ரஹ்மான் என்ற பெயரைப் பிரித்து அழைக்கலாமா?

காயல்வாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். மகனுக்கு என் வாப்பாவின் பெயரான அப்துர் ரஹ்மானையே வைத்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் ‘அப்துல்’ முதற்பெயராகவும் ‘ரஹ்மான்’ குடும்பப்பெயராகவும் பதிவாகிவிட்டன. தெருப்பிள்ளைகள் இப்போதே ‘அப்துல்’ என்று கொஞ்சுகிறார்கள். இப்படியே விட்டுவிடலாமா?

அரபி உஸ்தாத்:
வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. விட்டுவிடாதீர்கள். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள். பிறகு ஒவ்வோர் ஆவணத்துக்கும் அலைய நேரிடும்.

‘அப்து’ என்றால் அடியான். ‘அல்’ அடுத்த சொல்லைச் சேர்ந்தது. ரகரத்துக்கு முன் அதன் லகரம் ஒலிக்காது. ‘அப்துல்’ என்று நிறுத்தினால் யாருடைய அடியான் என்பதே விடுபட்டுப்போகிறது.

வெறும் ‘ரஹ்மான்’ என்று அழைப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ரஹீம் (கருணையுடையவர்) என்ற சொல்லைக் குர்ஆன் (9:128) நபி (ஸல்) அவர்களுக்கும் வழங்குகிறது. ரஹ்மான் (அளவற்ற அருளாளன்) என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது.

இந்தப் பெயருக்காக ஒருவர் மல்லுக்கு நின்ற செய்தி புகாரி என்னும் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. மக்காவிலுள்ள தம் சொத்தைக் காக்க நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), இஸ்லாத்தை ஏற்காத மக்கத் தலைவன் உமைய்யா இப்னு கலஃபுடன் ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார். பெயரைக் கண்டதும் உமைய்யா, “ரஹ்மானை நான் அறியேன், உன் பழைய பெயரையே எழுது” என்கிறான். இஸ்லாத்துக்கு முந்தைய பெயரான ‘அப்து அம்ர்’ (அம்ரின் அடியான்) என்று எழுதித்தான் காரியம் முடிந்தது. யாருக்கு அடியான் என்பதில்தான் அவனுக்குச் சிக்கல். அந்தப் பாதியைத்தான் நாம் வெட்டி எறிகிறோம்!

ரியாத் வாசகன்:
இங்கே நான் வேலை பார்க்கும் கடையில் முதலாளியின் மகனும் அப்துர் ரஹ்மான்தான். வீட்டில் ‘தஹ்ஹூம்’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். அடையாள அட்டையில் முழுப்பெயரும் இருக்கும்.

கீழக்கரையான்:
உஸ்தாத் சற்றுக் கடுமை காட்டுகிறார். எங்கள் தெருவில் ரஹ்மான் காக்கா என்றே தலைமுறைகளாக அழைக்கிறோம். அடியான் என்பது மனத்தில் இருக்கிறது.

அரபி உஸ்தாத்:
பெரியவர்களைக் குறை சொல்லவில்லை தம்பி. புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு முழுப்பெயரைப் பழக்குவது எளிது என்றுதான் சொல்கிறேன்.

காயல்வாசி:
ஜஸாக்கல்லாஹு கைர். திங்கட்கிழமை திருத்த விண்ணப்பம் கொடுக்கிறேன். பாஸ்போர்ட்டிலும் ‘அப்துர்ரஹ்மான்’ என்று சேர்த்தே எழுதிவிடுகிறேன். உம்மாவுக்கு ‘தஹ்ஹூம்’ பிடித்துவிட்டது.