மறு: ‘மிடில் கிரேடு’ புதினத்துக்குத் தமிழ்ச்சொல் – ‘வளர்சிறார் புதினம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘மிடில் கிரேடு’ என்று ஆங்கிலத்தில் சொல்லும், 8 முதல் 12 வயதினருக்கான புதின வகைக்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவப் பார்வையில் கதை எழுதுகிறவள் என்பதால் இந்தச் சொல் எனக்கு அன்றாடம் தேவைப்படுகிறது.

> ‘நடுநிலைப் புதினம்’ போதாதா?

போதாது. ‘நடுநிலை’ என்றதும் பக்கம் சாராமைதான் நினைவுக்கு வரும். நமக்கு வேண்டியது வயது.

> இடைச்சிறார் புதினம்?

முதலில் எனக்கும் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது ‘இடைச்சி’ தனியாக ஒலித்தது, விட்டுவிட்டேன்.

> பாட்டியல் நூல்களின் பருவப் பெயர்களை எடுத்தால்?

ஆசையான யோசனை. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் அந்தப் பழைய நூல்கள் வயதுக்கு ஏற்பப் பெயர் தருகின்றன. பெதும்பைக்கு வயது 8 முதல் 11, அப்படியே பொருந்துகிறது. ஆனால் அது பெண்ணுக்கு மட்டும். ஆணுக்கு மீளி, மறவோன் என்று பிரிகிறது. ஒரே புத்தகத்தை அக்காவும் தம்பியும் படிப்பார்களே, இருவருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும்.

என் பரிந்துரை ‘வளர்சிறார்’. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ச்’ மிகாது. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. ‘வளரிளம் பருவம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதால், அடுத்த வயதினருக்கான ‘யங் அடல்ட்’ வகையை ‘வளரிளையோர் புதினம்’ என்றால் இரண்டும் உறவுச் சொற்களாக நிற்கும்.

வளர்ச்சியை நான் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இயேசுவின் குழந்தைப் பருவத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் நடுவே நான்கு சுவிசேஷங்களும் காட்டுவது ஒரே ஒரு காட்சி. லூக்கா 2ஆம் அதிகாரம். அவருக்கு 12 வயது. பெற்றோர் தவித்துத் தேடுகிறார்கள், அவரோ தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். தனக்கென்று ஓர் அழைப்பு இருப்பதைச் சொல்கிறார், அது பெற்றோருக்குப் புரியவில்லை. அப்புறம் அவர்களோடு வீடு திரும்பிக் கீழ்ப்படிந்திருக்கிறார். ‘ஞானத்திலும் வளர்த்தியிலும்’ விருத்தியடைந்தார் என்று அதிகாரம் முடிகிறது. இந்த வகைப் புதினத்தின் வடிவம் முழுவதும் எனக்கு இங்கே தெரிகிறது. இந்த வயதுப் பிள்ளை தன் வழியைத் தேடிக் கிளம்பினாலும் வீடு இன்னும் வீடாகவே இருக்கிறது. வீட்டைவிட்டு விலகி ‘நான் யார்’ என்று கேட்பது பெரும்பாலும் அடுத்த வகையின் வேலை.

ஆனால் நம் கிறிஸ்தவச் சிறார் கதைகளில் கேள்வி கேட்பது யார்? பெரியவர்தான் பேசுகிறார். கடைசி அத்தியாயத்தில் போதகர் வந்து விளக்குகிறார், ஜெபித்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. என் முதல் கையெழுத்துப்படியிலும் பாட்டி பிழைத்துக்கொள்வார். படித்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி, “எங்க பாட்டிக்கும் ஜெபிச்சோமே” என்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். இப்போது பாட்டி இறந்துபோகிறார், பிள்ளை கோபத்தோடேயே ஜெபிக்கிறாள். வேதாகமத்தின் சங்கீதங்களில் அப்படிப்பட்ட ஜெபங்கள் நிறைய இருக்கின்றன.

வாசிப்பிலும் இதே கதைதான். மந்திரவாதி வருகிறாரா என்று மட்டும் பார்த்துப் புத்தகத்தை ஒதுக்குகிற பெற்றோரிடம் நான் சொல்வது: தவறு செய்த பிள்ளையை அந்தக் கதை என்ன செய்கிறது என்று பாருங்கள். தவறைத் தவறென்று சொல்கிறதா, திரும்பி வர வழி விடுகிறதா? மன்னிப்பவருக்கு அதில் ஏதாவது செலவாகிறதா?

கிறிஸ்தவப் பார்வையை இந்த இழையில் ‘கிறிஸ்தவ நோக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘நோக்கு’ நோக்கத்தை இழுத்து வந்துவிடும், போதிப்பதற்காகவே எழுதியது போல ஆகும். ‘பார்வை’ போதும். வகைப்பெயரோடு ‘கிறிஸ்தவ’ என்பதை ஒட்டவும் வேண்டாம். புதினம் எல்லாப் பிள்ளைகளுக்கும், பார்வை எழுதுகிறவருடையது.

சரி, இன்னொரு சொல்லுக்கும் உதவுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், நார்னியா என்ற கற்பனை உலகில் நடக்கும் தன் சிறார் கதைகளை உருவகம் என்று ஏற்கவில்லை. அப்படி ஓர் உலகம் இருந்து, அங்கே தேவகுமாரன் சிங்கமாக வந்தால் என்ன நடக்கும் என்று வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். அதை ‘சப்போசல்’ என்றார். தமிழில் ‘உருவகக் கதை’ என்றே எழுதிவருகிறோம். ‘கருதுகோள்’ போல ‘புனைகோள்’ எனலாமா? கோள் என்றால் கிரகம், புறங்கூறல் என்றும் பொருள் வருவது மட்டும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.