தேனு பணம் கட்டுறதுக்கு முன்னாடி
பாலக்கோட்டு வீடு (குடும்பக் குழு)

ஞாயிறு

இரவு 8.12 செல்வி: எல்லாருகிட்டயும் ஒண்ணு கேக்கணும். தேனுக்கு ஆறு மாச ஃபார்மஸி டெக்னீஷியன் கோர்ஸ் இருக்குதுன்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்து சொன்னாரு. 35,000 ரூபா. முடிச்சா சர்டிஃபிகேட்டோட ரிஜிஸ்டர் நம்பரும் வாங்கித் தருவாங்களாம். நாளைக்கு 10,000 கட்டணுமாம். மாங்கா வித்த காசு கையில இருக்குது. கட்டட்டுமா?

8.15 கோவிந்தன்: கட்டிடு செல்வி. புள்ள மூணு வருசமா மெடிக்கல்ல நிக்குது, தொழில் தெரியும். கையில ஒரு சர்டிஃபிகேட் இருந்தா நாளைக்குச் சொந்தமா கடை போடலாம். அந்தக் காலத்துல எத்தனை கம்பவுண்டருங்க அனுபவத்தை வச்சே பதிவாயிருக்காங்க.

8.16 முருகேசன்: அக்கா கட்டாத

8.16 முருகேசன்: டூட்டியில இருக்கேன். ஒன்பதுக்கு வர்றேன். அதுவரைக்கும் யாருக்கும் ஜிபே பண்ணிடாத.

8.31 தேன்மொழி: மாமா அது போலியா? கூட வேலை செய்யற பொண்ணு ஏற்கெனவே கட்டிட்டா 😟

9.04 முருகேசன்: இப்பதான் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். பொறுமையா எழுதறேன், எல்லாரும் படிங்க.

9.11 முருகேசன்: நம்ம நாட்டுல மருந்து எடுத்துக் கொடுக்கறதுக்குச் சட்டம் ஒத்துக்கற ஆளு ரிஜிஸ்டர்டு ஃபார்மசிஸ்ட்தான். 1948 ஃபார்மஸி சட்டம், 42ஆம் பிரிவு. ‘ரிஜிஸ்டர்டு டெக்னீஷியன்’னு ஒரு பதிவே இங்க கிடையாது. அசிஸ்டென்ட் வேலைக்குத் திறன் பயிற்சின்னு கோர்ஸ் நடத்தறாங்க, அதைத் தப்பு சொல்லல, வேலை கத்துக்கலாம். ஆனா அதை வச்சு தமிழ்நாடு ஃபார்மஸி கவுன்சில்ல பேரு ஏறாது. பேரு ஏறணும்னா குறைஞ்சது டி.பார்ம், அதாவது ஃபார்மஸி டிப்ளமோ, படிக்கணும். ரெண்டு வருசம், அப்புறம் 500 மணி நேரம் பயிற்சி. ஆறு மாசத்துல ரிஜிஸ்டர் நம்பர்னு எவன் சொன்னாலும் பொய்.

9.13 முருகேசன்: மாமா, நீங்க சொல்ற கம்பவுண்டர் கதை உண்மைதான். அந்தச் சட்டம் வந்து முதல் பதிவேடு எழுதறப்ப அஞ்சு வருச அனுபவம் இருந்தவங்களையும் சேத்தாங்க. அந்தக் கதவு மூடி ரொம்ப காலம் ஆச்சு.

9.14 கோவிந்தன்: அப்படியா. எனக்கு இது தெரியாதுப்பா.

9.17 தேன்மொழி: அப்ப என் மூணு வருசம் எதுக்குமே ஆகாதா மாமா

9.22 முருகேசன்: ஹோல்சேல் லைசென்சுக்கு ஆகும் தேனு. பத்தாவது பாஸ், மருந்து வியாபாரத்துல நாலு வருச அனுபவம் இருந்தா தகுதியுள்ள ஆளுன்னு எடுத்துக்குவாங்க. சில்லறைக் கடைக்கு அது செல்லாது. உன் கடையில ஃபார்மசிஸ்ட் தினமும் இருக்காரா?

9.23 தேன்மொழி: செவுத்துல அவரு சர்டிஃபிகேட் மாட்டியிருக்குது. மாசத்துக்கு ரெண்டு தடவை வருவாரு

9.23 முருகேசன்: ஹெச்1 நோட்டு, அதான் அந்தக் கட்டுப்பாடான மருந்துங்களை விக்கறப்ப எழுதற நோட்டு, யாரு எழுதறது?

9.24 தேன்மொழி: நான்தான். டாக்டர் பேரு, பேஷண்ட் பேரு, மருந்து, எத்தனைன்னு எல்லாம் எழுதுவேன். மூணு வருசம் பத்திரமா வைக்கணும்னு ஓனர் சொல்லியிருக்காரு

9.29 முருகேசன்: வேலை பூரா நீ செய்யற, உரிமை செவுத்துல தொங்குது. நாளைக்கு ஒரு மருந்து மாறிப்போச்சுன்னா உனக்காகப் பேச உன் பேருல ஒரு காகிதம் கிடையாது. எனக்கு இதுதான் பயம்மா இருக்குது. மூணு வருசமா உன்கிட்ட இதைச் சொல்லாம விட்டது என் தப்பு.

9.35 கவிதா: இப்பதான் பாத்தேன், இங்க டல்லாஸ்ல காலை நேரம். சித்தி, அந்தாளு சொன்ன ‘ஃபார்மஸி டெக்னீஷியன்’ங்கற பேரு இங்கத்துப் பேரு. நான் பாக்கறது அந்த வேலைதான்.

9.43 கவிதா: இங்க டெக்னீஷியனுக்குத் தனியா பரீட்சை இருக்கு. ஒரு மணி அம்பது நிமிசம், 90 கேள்வி. அது சர்டிஃபிகேட்டுக்கு. அப்புறம் டெக்சாஸ் ஃபார்மஸி போர்டுல தனியா பதிவு, கைரேகை வச்சு பின்னணி பாப்பாங்க. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அதுக்குள்ள 20 மணி நேரம் படிச்சிருக்கணும். இவ்வளவு செஞ்சும், ‘இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா’ன்னு யாராவது கேட்டா நான் ஆலோசனை சொல்லக் கூடாது. ஃபார்மசிஸ்ட்டைத்தான் கூப்பிடணும்.

9.44 கோவிந்தன்: நீ பி.பார்ம் படிச்சவ தானேம்மா. உன்னை ஏன் ஃபார்மசிஸ்ட்டா எடுத்துக்கல?

9.50 கவிதா: நாலு வருசப் படிப்பு இங்க பத்தாதுப்பா. 2003லருந்து வெளிநாட்டுல முடிச்சவங்கன்னா அஞ்சு வருசப் படிப்பு இருந்தாத்தான், நம்ம படிப்பு இங்கத்துப் படிப்புக்குச் சமமான்னு பாக்கற பரீட்சைக்கே விடுவாங்க. கல்யாணம் பண்ணி வர்றப்ப யாரும் இதைச் சொல்லல. ஒரு வருசம் அழுதுட்டுத்தான் டெக்னீஷியனுக்குப் படிச்சேன். அதனாலதான் தேனு, எங்க எந்தக் காகிதம் செல்லும்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோ.

9.52 கவிதா: இன்னொண்ணு. ஆயாவோட மாத்திரையைக் கண்டுபிடிச்சது யாரு? போன தீபாவளிக்கு.

9.56 தேன்மொழி: தர்மபுரி டாக்டர் எழுதினது ஒரு அட்டை, பாலக்கோட்டு டாக்டர் எழுதினது வேற கம்பெனி அட்டை. பேருதான் வேற, உள்ள ரெண்டுலயும் டெல்மிசார்டான்ங்கற ஒரே பிரஷர் மருந்துதான் இருந்துச்சு. ஆயா ரெண்டையும் போட்டுட்டுத் தலை சுத்துதுன்னு படுத்திருந்துச்சு. நான் மாமாவுக்குப் போன் பண்ணேன், அவ்ளோதான்

9.57 முருகேசன்: அவ்ளோதான் இல்ல. அட்டையைத் திருப்பி உள்ள என்ன மருந்துன்னு படிச்ச பாரு, அதுதான் இந்தத் தொழில். டாக்டர்கிட்டப் பேசி ஒண்ணை நிறுத்தினோம். ஆயா எழுந்து உக்காந்துச்சு.

10.02 செல்வி: ரெண்டு வருசம் வேலைக்குப் போகாம இருந்தா வீடு எப்படி ஓடும் தம்பி. அவ சம்பளத்துலதான் சீட்டுக் கட்டறேன்.

10.10 முருகேசன்: தெரியும்க்கா. தேனு ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல். புதுமைப் பெண் திட்டத்துல டிப்ளமோவுக்கும் மாசம் 1,000 ரூபா தர்றாங்க. நடுவுல மூணு வருசம் விட்டிருக்கறதால கிடைக்குமான்னு காலேஜ்ல இந்தத் திட்டத்தைப் பாத்துக்கற நோடல் ஆபீசர்கிட்ட நானே கேக்கறேன். சீட்டு முடியற வரைக்கும் மாசம் பாதி நான் போடறேன். மறுக்காத.

10.12 முருகேசன்: படிப்புத் தகுதியில பிரச்சினை இல்ல, பிளஸ் டூ இயற்பியல் வேதியியல் உயிரியல்தான். காலேஜ் மட்டும் ஃபார்மஸி கவுன்சில் ஆஃப் இந்தியா அங்கீகாரம் வாங்கியிருக்கணும். அவங்க இணையதளத்துல பட்டியல் இருக்கு. பட்டியல்ல பேரு இல்லாத இடத்துல கால் வைக்க வேண்டாம்.

10.15 கோவிந்தன்: முதல்வர் மருந்தகம் வைக்கக்கூட டி.பார்ம், பி.பார்ம்தானே கேட்டாங்க. படிக்கட்டும் செல்வி. அட்மிஷன் ஃபீஸ்ல என் பங்கு 15,000.

10.16 தேன்மொழி: 🥹 பெரியப்பா

10.20 முருகேசன்: செவ்வாக்கிழமை எனக்கு ஆஃப். ரெண்டு பேரும் கிருஷ்ணகிரி வந்துடுங்க, சேந்து காலேஜ் பாக்கலாம். ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் எடுத்துட்டு வா.

10.27 செல்வி: தம்பி

10.27 செல்வி: மார்க் ஷீட் ஒரிஜினலை அந்தாளு வெரிஃபிகேஷனுக்குன்னு நேத்து வாங்கிட்டுப் போயிட்டாரு

10.28 முருகேசன்: அக்கா!!

10.29 முருகேசன்: சரி பதறாத. அவன் நம்பர் அனுப்பு. நாளைக்கு விடிய பைக்ல வர்றேன். தேனு, கூட வேலை செய்யற பொண்ணையும் அவங்க அப்பாவையும் வரச் சொல்லு. பணம் கட்டின ரசீது இருந்தா எடுத்துட்டு வரட்டும்.

திங்கள்

காலை 10.46 தேன்மொழி: 📷 மார்க் ஷீட் வாங்கியாச்சு. மாமாவைப் பாத்ததும் உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுத்துட்டாரு. அவ பணத்தை வெள்ளிக்கிழமை தர்றேன்னு எழுதிக் குடுத்திருக்காரு, மாமா கையெழுத்து வாங்கிட்டாரு.

10.49 கவிதா: அப்பாடா. இங்க தூங்காம உக்காந்திருந்தேன்.

10.51 செல்வி: தம்பி சாப்பிடாமக் கிளம்பிட்டான். நாளைக்குக் களி கிண்டிக் கொண்டு வர்றேன்டா. பஸ் ஏறினதும் போன் பண்றேன்.