சான்டோரினி ஒயின் தடம்: பிர்கோஸ், மெகலோகோரி, எம்போரியோ

கிரேக்கத் தீவான சான்டோரினிக்குப் போகிற பலர் ஓயாவில் அந்திச் சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒயினுக்காகப் போனால் தீவின் தெற்குப் பாதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

அங்கே திராட்சைத் தோட்டங்களில் பந்தலோ கம்பியோ தேடாதீர்கள். எட்டி நின்று பார்த்தால் சாம்பல் நிறத் தரிசில் சிறு புதர்கள் போலத்தான் தெரியும். கிட்டே போனால் ஒவ்வொன்றும் தரையோடு பின்னிய கூடை. பெயர் குலூரா. கவாத்து செய்யும்போது கொடியை வட்டமாக வளைத்துப் பின்னுவார்கள். குலைகள் கூடைக்குள்ளேயே காய்க்கும். கோடையில் மெல்தெமி என்ற வடகாற்று மணலை வாரி அடிக்கும்போது காய்க்கு அதுதான் அரண். வருடா வருடம் பின்னல் நீள நீள, வேரிலிருந்து சாறு போகும் தூரமும் கூடி மகசூல் குறையும். அப்போது கூடையைத் தரையோடு வெட்டிவிடுவார்கள். 75 வருடம் வாக்கில் அந்த நிலை வரும். பழைய வேரே மறுபடி துளிர்க்கும். அதனால் மேலே தெரியும் கொடியை வைத்து வேரின் வயதைக் கணிக்க முடியாது.

*

மண்ணைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். சாம்பல், நுரைக்கல், எரிமலைக் குழம்புத் துகள். களிமண் அநேகமாக இல்லை. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடிய ஃபிலாக்ஸெரா பூச்சி இங்கே பிழைக்கவில்லை. ஒட்டுக்கட்டாமல் கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. ஒன்று பட்டுப்போனால் பக்கத்துக் கொடியிலிருந்து பதியன் போடுவார்கள். மண்ணில் பொட்டாசியமும் குறைவு. அத்தனை வெயிலில் பழுத்தும் அசிர்டிகோ திராட்சையில் புளிப்பு இறங்காததற்கு அது ஒரு காரணம்.

ஒரு வேண்டுகோள். பல தோட்டங்களுக்கு வேலி கிடையாது. இலையுதிர்ந்த குளிர்காலத்தில் கூடைகள் காய்ந்த சுள்ளி போலக் கிடக்கும். படம் எடுக்க உள்ளே இறங்காதீர்கள்.

*

வழி: தீவின் தலைநகரான ஃபிராவிலிருந்து பேருந்தில் பிர்கோஸ். காலையிலேயே மேலே கஸ்தேலி கோட்டைக் குடியிருப்பைச் சுற்றிவிட்டு, மெகலோகோரிக்கு இறக்கமாக நடக்கலாம். நிழல் கிடையாது, தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். மெகலோகோரியில் உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் பழைய கனாவாக்கள், அதாவது ஒயின் செய்த குகைக் கூடங்கள், இருக்கின்றன. அங்கிருந்து பெரிஸா போகும் பேருந்து எம்போரியோவில் நிற்கும். மூன்றிலும் எனக்குப் பிடித்தது எம்போரியோவின் கோட்டைச் சந்துகள்தான். கூட்டமும் குறைவு.

அறுவடை ஆகஸ்டில். அப்போது போனால் வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயினுக்காகக் குலைகளை வெயிலில் பரப்பிக் காயவைப்பதையும் பார்க்கலாம். இரண்டு வாரம் வாக்கில் காயும். பிறகு ஓக் பீப்பாயில் குறைந்தது 2 வருடம்.

*

சுவைக்கும் வரிசை முக்கியம். முதலில் பீப்பாயில் வைக்காத அசிர்டிகோ, அடுத்து பீப்பாயில் வைத்த வெள்ளை ஒயினான நிக்தேரி, கடைசியில் வின்சாந்தோ. இனிப்பை முதலில் குடித்தால் அசிர்டிகோ வெறும் புளிப்பாகத்தான் நாக்கில் நிற்கும். ரொம்பக் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. 10–12 டிகிரி போதும்.

வெறும் வயிற்றோடு உட்காராதீர்கள். கூடவே ஃபாவா கேளுங்கள். கடைந்த துவரம்பருப்பு மாதிரி இருக்கும், மேலே ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும். அசிர்டிகோவிலும் நிக்தேரியிலும் ஆல்கஹால் 13.5–14.5 சதவீதம் வாக்கில் இருக்கும். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். வண்டி ஓட்டுபவருக்குக் கிரேக்கச் சட்ட வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம், இருசக்கர வண்டிக்கு 0.2 தான். சுவைக்கப் போகும் நாளில் வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டாம். கடைசிப் பேருந்து நேரத்தை ஃபிரா நிலையத்தில் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும்.