‘இன்று இரவு’ என்றால் எந்த இரவு?

பெரியப்பா: ⏩ *பல முறை பகிரப்பட்டது*
இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடக்கின்றன. செல்பேசியை அணைத்துத் தூரமாக வைக்கவும். நாசா, பிபிசி பார்க்கவும். அனைவருக்கும் அனுப்பவும்!!

பெரியப்பா: பிள்ளைகள் கவனத்துக்கு. உங்களுக்குத்தான் செய்தி பார்க்கும் பழக்கமே இல்லையே.

அத்தை: ஐயோ அண்ணா, அப்போ அலாரம்?

நான்: பெரியப்பா, இது பத்து வருடத்துக்கு மேலாகச் சுற்றுகிறது. தேதி எங்கேயாவது இருக்கிறதா பாருங்கள். வெறும் ‘இன்று இரவு’. அதனால்தான் சாகவே மாட்டேன் என்கிறது.

பெரியப்பா: நாசா என்று போட்டிருக்கிறதேம்மா.

அண்ணன்: யார் வேண்டுமானாலும் போடலாமே. மேலே இரட்டை அம்புக்குறி தெரிகிறதா? குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் அந்த மாதிரி வருவதை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும்.

பெரியப்பா: அதனால்தானா! நான் போன் பழுது என்று நினைத்து ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக அனுப்பினேன்.

அண்ணன்: 🤦

பெரியப்பா: சரி, ஏமாந்துவிட்டேன். ஆனால் நான் தினமும் பேப்பர் படிக்கிறவன். நீங்கள்?

நான்: தேடிப் போய்ப் படிப்பதில்லைதான். முக்கியமானது என்றால் எப்படியும் கண்ணில் படும்.

அண்ணன்: அந்த நினைப்புக்கு ஆராய்ச்சியாளர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள், ‘செய்தி என்னைத் தேடி வரும்’ என்று. 2017இல் வந்த ஆய்வில், அப்படி நினைத்தவர்களுக்கு அரசியல் விவரம் குறைவாகத்தான் தெரிந்திருந்தது.

நான்: உன்னை யார் கேட்டார்கள் 😒

அம்மா: நேற்று இவள் போனைப் பார்த்தேன். பூனை, பூனை, ஒரு நிலநடுக்கம், மறுபடியும் பூனை.

நான்: அம்மா!! எதில் நின்று பார்க்கிறோமோ அதே மாதிரி இன்னும் பத்துப் பதிவுகளை ஆப் கொண்டுவந்து கொட்டும். பூனையில் நின்றேன். நிலநடுக்கத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, தள்ளிவிட்டேன். அப்புறம் அது வரவே இல்லை. அங்கே என்ன ஆனது என்று இப்போது வரை எனக்குத் தெரியாது.

பெரியப்பா: பேப்பரில் மறுநாளும் அதுதான் முதல் பக்கம். மூன்றாம் நாள் உள்ளே போய்விட்டது, சின்னதாக. ஆனால் வந்தது.

அம்மா: அப்போ பேப்பர் படித்தால் போதுமா? படித்தவர்தானே கதிர் அனுப்பினார்.

அண்ணன்: அதற்கும் ஒரு ஆய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டில் வரலாற்று அறிஞர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அறிஞர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்து, லோகோ அழகாக இருக்கிறதே என்று ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தைப் படிக்கும் முன்பே வேறு டேப் திறந்து, ‘யார் இவர்கள்?’ என்று தேடினார்கள்.

பெரியப்பா: அறிஞர்களுமா? அப்போ பரவாயில்லை.

நான்: பெரியப்பா, அந்த நிலநடுக்கச் செய்தி வந்த பேப்பர் இருக்கிறதா?

பெரியப்பா: கட்டிப் போட்டிருக்கிறேன். இரு, படம் எடுத்து அனுப்புகிறேன்.

நான்: தேதி தெரிகிற மாதிரி எடுங்கள்.