குண்டுவெடிப்புச் செய்தி வந்தாலே வடக்கத்திப் பையன்களைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், என்ன பேசுவது? (ஓசூர்)

சிப்காட்_ஓரம்:
எங்கள் தெரு லைன் வீடுகளில் பீகார், அசாம் பையன்கள் நிறைய. எங்காவது குண்டு வெடித்ததாக டிவியில் வந்தால் போதும், தெரு வாட்ஸ்அப் குழுவில் "முதல்ல இவனுங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள், அதிலும் முஸ்லிம் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். பயம் எனக்கும் உண்டு, வீட்டில் சின்னப் பிள்ளைகள். ஆனால் ஒழுங்காக வாடகை கொடுக்கிறவனைத் துரத்த மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுகிறார்கள்.

ராயக்கோட்டை_ரோடு:
2024 மார்ச் 1 பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் பெங்களூரில் குண்டு வைக்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு மத்திய இணையமைச்சர் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற நமக்கு அது எப்படி இருந்தது? உங்கள் தெரு பேசுவதும் அதேதான், ஆள்தான் வேறே. கூட்டத்தில் இதை முதலில் எடுங்கள்.

மாந்தோப்பு:
குண்டு வெடித்தால் ஒற்றுமை என்று மெழுகுவத்தி ஏற்றுவதெல்லாம் சரி, குண்டு வைக்கிறவனை அது நிறுத்துமா? ஆதார்கூடப் பார்க்காமல் வீடு விடுவது மனிதாபிமானம் இல்லை சார், ஓனரின் சோம்பேறித்தனம்.

தர்மபுரி_வாத்தியார்:
மாந்தோப்பு சொல்வதில் பாதி சரி. ஆதார் நகல், ஊரில் ஒரு போன் நம்பர், ஸ்டேஷனில் விவரம் எல்லாம் வாங்குங்கள், ஆனால் சேலத்துக்காரனிடமும் அதையே வாங்குங்கள்.

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஒரே ஆள் 77 பேரைக் கொன்றான். ஜனங்கள் ரோஜாப்பூவோடு தெருவுக்கு வந்தார்கள், அதோடு விடவில்லை, விசாரணைக் குழு போட்டு, போலீஸ் எங்கெங்கே கோட்டைவிட்டது என்று அடுத்த வருஷமே வெளிப்படையாக அறிக்கை வந்தது. நமக்கு அரசாங்கத்தைக் கேட்பதைவிடப் பக்கத்து ரூம் பையனை மிரட்டுவது சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான். 1998 பிப்ரவரியில் கோவைத் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் செத்தார்கள். சம்பந்தப்பட்டவர்கள் கைதான பிறகும், முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டுக்காரர்கள் வருஷக்கணக்கில் செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனார்கள்.

பாரூர்_ஏரி:
பஹல்காமையும் சொல்லுங்கள் அண்ணா. 2025 ஏப்ரல் 22, துப்பாக்கிச்சூட்டில் செத்த 26 பேரில் சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போன உள்ளூர்க் குதிரைக்காரரும் ஒருத்தர். மறுநாள் காஷ்மீரே கடையடைத்துக் கண்டித்தது. அதே வாரம் வெளிமாநிலங்களில் படிக்கிற காஷ்மீர் மாணவர்களை ரூமைக் காலி பண்ணச் சொல்லி மிரட்டினார்கள். யாருக்கு லாபம் அதில்? சுட்டவனுக்குத்தான்.

சிப்காட்_ஓரம்:
எல்லாருக்கும் ஒரே விதி, இதைப் பிடித்துக்கொள்கிறேன். தமிழ் தெரிந்த பையன் ஒருத்தன் இருக்கிறான், அவனையும் கூட்டத்துக்குக் கூப்பிடலாமா என்று யோசனை. சிலர் முறைப்பார்கள்.

மாந்தோப்பு:
கூப்பிடுங்கள். ஆனால் காலையில் வைக்காதீர்கள், நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான்.