நலிந்த பிணைப்புகளால் உறுதியான பொருள் உருவாவது எவ்வாறு?

உவர்மலை ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். பொலித்தீனும் நைலோனும் உறுதியாக இருப்பதற்கு, ஒருபகுதியங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள், இலத்திரன்களைப் பகிர்ந்துகொள்ளும் பங்கீட்டு வலுப் பிணைப்பால் நீண்ட சங்கிலியாக இணைந்திருப்பதே காரணம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அண்மையில் ஒரு மாணவி, சிறு மூலக்கூறுகள் அவ்வாறு இணையாமலே, நலிந்த கவர்ச்சி விசைகளால் மட்டும் ஒன்றுகூடிப் பிளாஸ்டிக் போன்ற பொருளாகும் என்றும், அது கடல்நீரில் கரைந்துவிடும் என்றும் வாசித்துவிட்டு வந்து, அப்படியானால் மீன்வலையை அதில் செய்யலாமே என்று கேட்டார். காபன்–காபன் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோ யூல் வேண்டும். நலிந்த கவர்ச்சி விசைகளுள் ஒன்றான ஐதரசன் பிணைப்புக்குப் பெரும்பாலும் 10 முதல் 40 வரை போதும். இவ்வளவு நலிந்த பிணைப்பில் உறுதி எங்கிருந்து வருகிறது? வலை பற்றிய கேள்விக்கு என்ன விடை சொல்வது?

கொட்டியாரம்:
உறுதி தனிப் பிணைப்பில் இல்லை. பிணைப்புகளின் எண்ணிக்கையிலும் அவை அமைந்திருக்கும் ஒழுங்கிலும் இருக்கிறது. நெதர்லாந்தின் மெய்யர் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் நான்கு ஐதரசன் பிணைப்புகளை ஏற்படுத்தும் அணுக்கூட்டத்தைப் பொருத்தியிருந்தார்கள். ஒன்று விடுபட்டாலும் மற்ற மூன்றும் பிடித்திருப்பதால், விடுபட்டது மீண்டும் சேர அவகாசம் கிடைக்கிறது. மூலக்கூறுகள் முனையோடு முனை கோத்துக்கொள்ள, கரைசல், நீண்ட சங்கிலிகளைக் கொண்ட பல்பகுதியக் கரைசலைப் போலவே பாகாகிறது. சூடாக்கினால் இளகி, ஆறியதும் பழைய நிலைக்கு மீள்கிறது. பிரான்சின் லெய்ப்லர் குழுவினர் கொழுப்பமிலங்கள், யூரியா முதலியவற்றைக் கொண்டு 2008இல் ஆக்கிய இறப்பரை வெட்டி, வெட்டுமுகங்களை அறை வெப்பநிலையில் சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

மாணவர்களுக்குக் காட்ட, படகு எஞ்சினுக்குப் பூசும் கிறீசு டப்பாவே போதும். இலிதியம் கிறீசில் பெரும்பகுதி திரவ எண்ணெய்தான். ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்படும் 12-ஐதரொட்சித்தியரிக் அமிலத்தின் இலிதிய உப்பு, மூலக்கூறுக்கு 18 காபன் அணுக்களே கொண்டிருந்தும், நுண்ணிய முறுக்கு நார்களாக அடுக்கி, ஒன்றோடொன்று பின்னி, அவ்வளவு எண்ணெயையும் ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. விரல்களுக்கிடையே தேய்க்கும்போது கிறீசு இளகுவதையும், 190 பாகை செல்சியசு அளவில் உருகிச் சொட்டுவதையும் இந்த நார்களைக் கொண்டே விளக்கலாம்.

சீனக்குடா:
மாணவி வாசித்தது, ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் தக்குசோ அயிடா குழுவினர் 2024 நவம்பரில் வெளியிட்ட பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். உணவுப் பண்டங்களில் சேர்க்கப்படும் சோடியம் எக்சாமெற்றாபொசுபேற்றையும் நைதரசன் கொண்ட குவானிடீனியம் சல்பேற்று வகை உப்பொன்றையும் நீரில் கலக்கும்போது, கரைசல் இரண்டு படைகளாகப் பிரிகிறது. எதிரேற்றம் கொண்ட பொசுபேற்று, குவானிடீனியம் அயன்கள் ஒன்றையொன்று பற்றிப் பாகாகின்றன. சோடியமும் சல்பேற்றும் மற்றப் படையிலுள்ள நீரோடு போய்விடுகின்றன. இந்த உப்பு நீங்குவதுதான் எல்லாவற்றுக்கும் உயிர்நாடி. அது உள்ளே தங்கிவிட்டால், உலர்த்தும்போது எளிதில் உடையும் பளிங்குகளே மிஞ்சும். நீங்கிவிட்டாலோ உறுதியான தகடு கிடைக்கும். கடல்நீரில் இட்டால், உப்பு அயன்கள் மீண்டும் உள்ளே புகுந்து அந்தப் பற்றைக் கலைத்துவிட, சில மணி நேரத்தில் பொருள் குலையத் தொடங்கும்.

எனவே வலைக்கு இது ஆகாது. நாள்தோறும் கடலில் கிடக்க வேண்டிய பொருள் கடல்நீரில் கரையக்கூடாது. நீர் புகாத பூச்சுப் பூசினால் கரையாமல் நிற்கும் என்றாலும், பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் கரைதல் தொடங்கிவிடும். முருகைக்கல்லில் உரசும் வலையில் கீறல் விழாமல் இராது. கரையில் பயன்பட்டு, தவறிக் கடலுக்குள் போய்விடும் பொதியுறைகளுக்கே இது தகும் என்பது என் கருத்து. மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவில், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் உப்புச் செறிவு குறைவதால், அங்கே இதே வேகத்தை எதிர்பார்க்க இயலாது என்பதையும் மாணவிக்குச் சொல்லுங்கள்.

நிலாவெளி:
கரைந்துவிடுகிறது என்பதோடு நாம் நிறைவடைந்துவிடக்கூடாது. கரைந்தபின் நீரில் மிஞ்சுவது பொசுபரசும் நைதரசனும் ஆகும். மண்ணில் அவை பசளை. நமது உட்துறைமுகம் போன்ற அடைபட்ட நீரிலோ அதே பசளை பாசியைப் பெருக்கும். புறாத்தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்பார்களில் பாசி படர்ந்தால், முருகை உயிரிகளுக்கு வேண்டிய ஒளி மறைக்கப்படும். அதே ஆய்வில், பொருளை உப்புநீரில் கரைத்து, எக்சாமெற்றாபொசுபேற்றில் 91 விழுக்காட்டையும் குவானிடீனியத்தில் 82 விழுக்காட்டையும் தூளாக மீட்டிருக்கிறார்கள். கடலில் கரையும் என்று நம்பி வீசுவதைவிட, கரையிலேயே சேகரித்து உப்புநீர்த் தொட்டியில் கரைத்து மீட்பதைத்தான் நான் வலியுறுத்துவேன்.

உவர்மலை ஆசிரியர்:
மூவருக்கும் மிக்க நன்றி. மாணவர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க பரிசோதனை ஏதும் உண்டா?

கொட்டியாரம்:
நல்லெண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு தேன்மெழுகை இட்டு, மெழுகு முற்றாகக் கரையும்வரை சுடுநீரில் வைத்துச் சூடாக்கி, சோதனைக்குழாயில் ஊற்றி அசைக்காமல் ஆறவிடுங்கள். மெழுகின் சிறு மூலக்கூறுகள் மெல்லிய பளிங்குகளாகி வலைப்பின்னலாக இணைவதால், குழாயைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வழியாது. கிறீசில் உள்ளவை நார்கள், இதில் உள்ளவை பளிங்குகள் என்ற வேறுபாட்டை மட்டும் சொல்லிவிடுங்கள். மெழுகின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால், எந்த அளவுக்குக் கீழே எண்ணெய் உறையாமல் ஓடுகிறது என்பதை மாணவர்களே கண்டறியலாம்.