பிச்சாவரம் உலகத்திலேயே இரண்டாவதா?

கெடிலக்கரையான்:
"உலகின் இரண்டாவது பெரிய சதுப்புநிலக் காடு நம் பிச்சாவரம், தமிழனாக இருந்தால் பகிருங்கள்" என்று காலையில் கிள்ளைக்காரன் ஒரு வியப்புச் செய்தி போட்டிருக்கிறார். ஆளாளுக்குக் கைதட்டுகிறீர்கள். யாராவது பரப்பைப் பார்த்தீர்களா? பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர், அதாவது 11 சதுர கிலோமீட்டர். சுந்தரவனம் இந்தியப் பக்கமும் வங்கதேசப் பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர். முதலிடம் பத்தாயிரம், அடுத்த இடம் பதினொன்றா? நடுவில் இருக்கும் இந்தோனேசியா, நைஜர் டெல்டா எல்லாம் எங்கே போயின? உலகத்தை விடுங்கள். ஒடிசாவின் பிதர்கனிகாவே இதைவிடப் பல மடங்கு பெரியது.

கிள்ளைக்காரன்:
நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. பள்ளிக்கூடத்திலும் இரண்டாவது என்றுதான் சொன்னார்கள், படகுத்துறையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கிருந்தெல்லாமோ வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், சும்மாவா வருகிறார்கள்? கடலூரில் உட்கார்ந்துகொண்டு கூகுள் பார்க்கிறவருக்கு எங்கள் காடு சின்னதாகத் தெரிந்தால் நாங்கள் என்ன செய்வது?

கெடிலக்கரையான்:
எத்தனை பேர் சொன்னாலும் பதினொன்று பதினொன்றுதான்.

லாஸ்பேட்டை டீச்சர்:
'பெரிய' என்பதைப் பரப்பை வைத்துச் சொல்கிறோமா, மர வகைகளை வைத்தா, அடர்த்தியை வைத்தா? அதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே. அந்தக் காட்டில் வியக்க வேறு எவ்வளவோ இருக்கிறது. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கி, அப்புறம்தான் சேற்றில் விழுகிறது. வெண்கண்டல் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

புவனகிரி பையன்:
2004 சுனாமியில் எத்தனை ஊரைக் காப்பாற்றிய காடு இது! அதை இரண்டாவது என்று சொல்லிவிட்டுப் போனால் கெடிலக்கரை சாருக்கு என்ன குறைந்துவிடும்?

கெடிலக்கரையான்:
காப்பாற்றியது உண்மை, அதை நான் மறுத்தேனா? காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலோரத்து மணல்திட்டில் மறைவில்லாமல் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. காட்டின் அருமைக்கு அதுவே சாட்சி. ஆனால் காப்பாற்றியதற்காகப் பரப்பு கூடிவிடுமா?

கிள்ளைக்காரன்:
எம்.ஜி.ஆர். திட்டைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். எங்கள் சொந்தத்தில் அங்கே செத்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணக்குக்கு அவர்களை உதாரணமாக இழுக்காதீர்கள். இரண்டாவது பிச்சாவரம்தான்.

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியிலும் இதே மாதிரி சதுப்புநிலக் கண்டல் காடு உண்டு. அரியாங்குப்பத்து ஆற்றோரம், தேங்காய்த்திட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். எதற்கெடுத்தாலும் உங்கள் பிச்சாவரம்தானா?

கிள்ளைக்காரன்:
தேங்காய்த்திட்டில் இருப்பதெல்லாம் ஒரு காடா? நின்ற இடத்திலிருந்தே அந்தக் கோடி தெரியும்.

கெடிலக்கரையான்:
சுந்தரவனத்துக்காரர் பிச்சாவரத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதை நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். இந்தக் காட்டின் உண்மையான கதை எவருக்கும் தெரியாமல் போகிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து கூறு போட்டு மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் அமிழ்ந்து பள்ளமானது. ஓதத்தில், அதாவது கடல் பொங்கும் நேரத்தில், ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் காய்ந்து, உப்பு ஏறியது. கன்று பிழைக்கவில்லை. அப்புறம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, சுற்றுப்புறத்து மக்கள் எல்லோரும் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஓதத் தண்ணீர் வந்துபோகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, வைத்த கன்று நின்றது. அழிந்த காட்டை மனிதன் திரும்பக் கொண்டுவந்த இடம் பிச்சாவரம். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இவ்வளவு இருக்கும்போது பொய்யான இரண்டாமிடம் எதற்கு?

புவனகிரி பையன்:
இவர்தான் திருவக்கரைக் கல்மரப் பதிவிலும் வந்து, "அசுரன் எலும்பு இல்லை, சிலிக்கா ஏறிய மரம்" என்று பெரியவர் ஒருவரை எடுத்தெறிந்து பேசியவர். யார் எதைப் போட்டாலும் திருத்த வந்துவிடுவார்.

கெடிலக்கரையான்:
சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரத்தை எலும்பு என்றால் திருத்தத்தான் செய்வேன். பெரியவர் என்பதால் கல் எலும்பாகாது. அதைவிடுங்கள், இங்கே கேட்டதற்குப் பதில் வரவில்லை. 11 சதுர கிலோமீட்டர் எப்படி இரண்டாவது?

லாஸ்பேட்டை டீச்சர்:
நான் கேட்டதற்கும்தான் பதில் வரவில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறதே, அதைப் பற்றியாவது யாராவது எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை:
தில்லைப் பால் கண்ணில் பட்டால் கொஞ்ச காலத்துக்காவது பார்வை போகலாம், டீச்சர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கிள்ளைக்காரன்:
எங்கள் ஆட்கள் காலங்காலமாக அந்தக் காட்டுக்குள்தான் இறால் தடவுகிறார்கள். யாருக்கும் கண் போகவில்லை. தெரியாமல் பயமுறுத்தாதீர்கள்.

முத்தியால்பேட்டை:
பால் பட்டால் என்றுதான் எழுதினேன். படிக்கவும் மாட்டீர்களா?

கெடிலக்கரையான்:
பேச்சை மாற்றாதீர்கள். இரண்டாவது எது என்று அவ்வளவு உறுதியாகத் தெரிந்தவருக்கு மூன்றாவது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது பெரிய காடு எது, அதன் பரப்பு எவ்வளவு? சொல்லுங்கள்.

கிள்ளைக்காரன்:
மூன்றாவது எதுவாக இருந்தால் எங்களுக்கு என்ன? இரண்டாவது பிச்சாவரம். நாளைக் காலையில் அதே படத்தை மறுபடியும் போடுவேன்.

கெடிலக்கரையான்:
போடுங்கள். கீழேயே பரப்பை எழுதுவேன்.